நான் இரண்டு முறை நீக்கிய கேப்டன்

விஸ்வநத்தம் பக்கத்துக் கால்பந்துக் குழு ஒன்று இந்த வருஷம் பொங்கலுக்குப் போட்டி நடத்துகிறது. அதற்கு ஒரு மலர் போடுகிறார்களாம். நான் எழுத வேண்டும் என்று கேட்டு இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். தலைப்பு, நல்ல கேப்டன் யார் என்பது. அரைப் பக்கம் போதும் என்றார்கள். என் படத்துக்குக் கீழே போடுவதற்கு "ஆறு வருடம் அணியை நடத்திய சிறந்த கேப்டன்" என்ற வரியையும் அவர்களே எழுதி வைத்திருந்தார்கள்.

அந்த வரியை அடித்துவிடச் சொன்னேன். நான் கேப்டனாக இருந்தது உண்மை. நிறைய கோல் போட்டேன், அதுவும் உண்மை. நல்ல கேப்டன் ஒருவனைத்தான் எனக்குத் தெரியும். அவனை மைதானத்தில் ஒரு முறையும் வேலையில் ஒரு முறையும் நீக்கியவன் நான். அதை அரைப் பக்கத்தில் சொல்ல முடியாது.

என் சொந்த ஊர் ஆனைக்குட்டம் பக்கம். அப்பாவும் அம்மாவும் காட்டு வேலைக்குப் போனவர்கள். மழை பொய்த்து, காட்டில் வேலை இல்லாமல் போனபோது ஊரோடு எல்லோரும் தீப்பெட்டி ஆபீஸுக்கும் பட்டாசுக் கம்பெனிக்கும் போனோம். நான் பதினெட்டு வயதில் தீப்பெட்டி, இருபத்திரண்டில் பட்டாசு. திரி வெட்டினேன், பெட்டி சுமந்தேன், மருந்து அடைத்தேன். பிறகு போர்மேன் பரீட்சை எழுதித் தேறினேன். இவ்வளவுதான் என் படிப்பு.

கம்பெனியில் ஒரு கால்பந்து அணி இருந்தது. தொழிலாளர்களே ஆடும் அணி. வேலை முடிந்து குளித்துவிட்டு, கண்மாயில் தண்ணீர் இல்லாத மாதங்களில் கண்மாய்க்குள்ளும் மற்ற மாதங்களில் கரைக்கு வெளியே உள்ள பொட்டலிலும் ஆடுவோம். சாத்தூர், விருதுநகர் போட்டிகளுக்கு லோடு ஏற்றும் வண்டியில் போய் வருவோம். முப்பத்தைந்து வயதுக்கு மேல் எனக்கு ஓட்டம் குறைந்தது. ஆடுவதை விட்டேன். அந்த வருஷமே என்னைப் போர்மேன் ஆக்கினார்கள். மேனேஜர் வரதராஜன் சொன்ன காரணம் இன்னும் நினைவிருக்கிறது.

"பதினோரு பேரை ஓட்டத் தெரிஞ்சவருக்கு அறுபது பேரை ஓட்டத் தெரியாதா சம்முகம்?"

அவர் பேச்சு எப்போதும் இப்படித்தான், கேள்வியாக வரும். வரதராஜன் சார் ஒரு நாளும் சத்தம் போட்டதில்லை. காலையில் வெள்ளை வேட்டியில் வருவார், வாயில் ஒரு கிராம்பு இருக்கும். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தபடி, முகத்தைப் பாதி வேறு பக்கம் திருப்பிக்கொண்டு பேசுவார். "இன்னிக்கு முடிஞ்சிருமா?" என்பார். "முடியாது சார்" என்றால் கோபப்பட மாட்டார். "சரி, உங்க இஷ்டம். நான் எதுவும் சொல்லலை" என்று போய்விடுவார். அடுத்த அரை மணி நேரத்தில் திரும்ப வந்து அதே கேள்வியைக் கேட்பார். மூன்றாவது முறை கேட்கும்போது நாமே முடியும் என்று சொல்லியிருப்போம். எத்தனையோ வருஷம் அவரிடம் வேலை பார்த்திருக்கிறேன். இதைச் செய் என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. அதை அவருடைய மரியாதை என்று நினைத்திருந்தேன்.

அணிப் பொறுப்பு என்னிடமே இருந்ததால், எனக்குப் பிறகு கேப்டன் போட வேண்டியதும் நான்தான். இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவன் மாடசாமி. முன்னால் நின்று ஆடுபவன், கோல் போட்டால் சட்டையைக் கழற்றிச் சுற்றுவான், கூட்டம் அவன் பேரைச் சொல்லிக் கத்தும். இன்னொருவன் செல்லையா. இடது பக்கம் பின்னால் நிற்கும் தடுப்பாட்டக்காரன். வேகம் குறைவு, பேச்சு அதைவிடக் குறைவு. வாயைத் திறந்தால் நடுவர்கூடத் திரும்பிப் பார்ப்பார். ஆட்டக்காரர்கள் செல்லையாவைக் கேட்டார்கள். மாடசாமியே அவனைத்தான் கேட்டான். சரி என்று கேப்டன் கட்டும் கைப்பட்டையை அவனிடம் கொடுத்தேன்.

அவன் அணியை நடத்திய விதத்தை ஓரக்கோட்டில் நின்று மூன்று வருஷம் பார்த்தேன். ஆட்டத்துக்கு முன்னால் உற்சாகப் பேச்சு எதுவும் கிடையாது. ஒவ்வொருவன் பக்கத்திலும் போய் நிற்பான். காலையில் சாப்பிட்டானா, பழைய காயம் எப்படி இருக்கிறது, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்பான். அதைக் கேட்டுக்கொண்டு யாரை எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்வான். எங்கள் பக்கம் கோல் விழுந்தால் கோல்கீப்பரைப் பார்த்து யாரும் கையை உயர்த்துவதற்கு முன்னால் இவன் வலைக்குள் போய்விடுவான். பந்தைத் தானே எடுத்து, நடுக்கோடு வரை நடந்து போய் வைப்பான். அந்த நடைக்குள் எல்லோருடைய ஆத்திரமும் அடங்கிவிடும். தப்புச் செய்தவனை மைதானத்தில் பேர் சொல்லித் திட்டமாட்டான். வீடு திரும்பும்போது வண்டியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து வருவான், அவ்வளவுதான்.

சாத்தூரில் ஓர் அரையிறுதி. ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று நிற்கிறது. முடிய இருபது நிமிஷம் இருக்கும். மாற்று ஆட்கள் மூன்று பேரையும் ஏற்கெனவே இறக்கிவிட்டோம். மாடசாமி ஒரு பந்துக்குத் தலை கொடுக்கக் குதித்தான், எதிராளியும் குதித்தான். மண்டையும் மண்டையும் மோதின. மாடசாமி விழுந்து, எழுந்து, சிரித்தான். எனக்கு உயிர் வந்தது. அவன் இருந்தால் இன்னொரு கோல் நிச்சயம்.

செல்லையா பின்னாலிருந்து ஓடி வந்தான். மாடசாமியின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டான். மறுபடியும் கேட்டான். பிறகு நடுவரிடம் போய்ச் சொல்லிவிட்டு அவனைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு ஓரக்கோட்டுக்கு வந்தான்.

"எதுக்குலே வெளியே கூட்டிட்டு வாறே?" என்றேன்.

"நாம எந்த டீமோட ஆடுறோம்னு கேட்டேன். அவனுக்குத் தெரியலண்ணே."

"அவன் நல்லாத்தான இருக்கான். உள்ள அனுப்புலே. பத்துப் பேரை வச்சுட்டு என்ன செய்யப் போறே?"

"தோப்போம்" என்றான். சொல்லிவிட்டு மைதானத்துக்குள் போய்விட்டான்.

அவன் சொன்னபடியே தோற்றோம். மாடசாமி வண்டியில் வரும் வழியில் இரண்டு முறை வாந்தி எடுத்தான். நான் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. தோல்விகூடப் பெரிதில்லை. அத்தனை பேர் முன்னால் அவன் என் பேச்சைக் கேட்காததுதான் நெஞ்சில் முள்ளாக நின்றது. ஊர் வந்து சேர்ந்ததும், வண்டியிலிருந்து இறங்கும் முன்னாலேயே, கைப்பட்டையைக் கழற்றிக் கொடுக்கச் சொன்னேன். இனிமேல் மாடசாமிதான் கேப்டன் என்றேன். செல்லையா மறுபேச்சுப் பேசாமல் கழற்றினான். என் கையில் தராமல் மாடசாமியின் கையில் அவனே மாட்டிவிட்டான். மாடசாமிக்கு அப்போது என்ன நடக்கிறது என்றே புரியவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியில் காட்டியபோது டாக்டர் இரண்டு நாள் படுக்க வைத்தார். அடிபட்டதும் ஆட்டத்தை நிறுத்தியது நல்லதாகப் போயிற்று என்று சொன்னாராம். தேறி வந்த மாடசாமி நேரே என்னிடம் வந்து, கேப்டன் பட்டத்தைத் திருப்பிச் செல்லையாவுக்கே கொடுக்கச் சொல்லிக் கேட்டான். கொடுத்திருக்கலாம். ஒரு வார்த்தையில் முடிகிற காரியம். நேற்றுக் கொடுத்ததை இன்றைக்கு மாற்றினால் ஒரு பயலும் மதிக்கமாட்டான் என்று மறுத்துவிட்டேன். அடுத்த ஆட்டத்தில் செல்லையா வழக்கம்போல இடது பின்புறம் நின்றான். நடுவர் எதையோ கேட்க அவனிடம் வந்தபோது, "கேப்டன் அங்கன இருக்காரு" என்று மாடசாமியைக் காட்டினான். ஒரு ஆட்டத்தில்கூடக் குறை வைக்கவில்லை. கோல் விழுந்தால் வலைக்குள் போய்ப் பந்தை எடுத்து வருவது மட்டும் அவனாகவே இருந்தது.

இனி வேலைக்கு வருகிறேன்.

மருந்து அடைக்கும் அறை என்பது நான்கு சுவரும் எதிரெதிரே வாசல்களும் உள்ள சின்ன அறை. ஓர் அறைக்கும் அடுத்ததற்கும் நடுவே வெற்றிடம் விட்டிருப்பார்கள். ஒன்று வெடித்தால் மற்றது தப்ப வேண்டும் என்பதற்காக. உள்ளே போகும் முன் வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட வேண்டும். உடம்பில் உள்ள மின்சாரம் அதன் வழியே மண்ணுக்குப் போய்விடும். பருத்தித் துணிதான் உடுத்த வேண்டும். கொலுசு, ஊக்கு, செல்போன் எதுவும் கூடாது. மருந்துப் பெட்டியைத் தரையில் இழுக்கக் கூடாது, தூக்கித்தான் வைக்க வேண்டும். அடைத்து முடித்ததை உடனுக்குடன் வெளியே எடுத்துவிட்டுத்தான் அடுத்த மருந்தை உள்ளே கொண்டுவர வேண்டும். ஓர் அறைக்கு நான்கு பேர். வாசலுக்கு மேலே பலகையில் வெள்ளைப் பெயிண்டில் "ஆட்கள் 4" என்று எழுதியிருக்கும். எங்கள் கம்பெனியில் அதை எழுதியது நான். என் கையெழுத்து நன்றாக இருக்கும்.

நான்கு என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. நான்கு பேர் என்றால் ஆளுக்கு ஒரு மூலை, இரண்டு வாசல். ஏதாவது பொறி தெரிந்தால் யாரும் யாரையும் தாண்டாமல் வெளியே குதிக்கலாம். ஐந்தாவது ஆள் வந்தால் ஒருவன் நடுவில் உட்காருவான். ஆள் கூடினால் மருந்தும் கூடும், வழி குறையும்.

மூன்றாம் அறைக்குச் செல்லையா பொறுப்பாள். வேலைக்காரன் என்று பார்த்தால் அவனைவிடக் கவனமானவன் யாரும் இல்லை. தினமும் மூன்று பேரையும் முன்னால் விட்டு, ஒவ்வொருவரும் தகட்டைத் தொடுவதைப் பார்த்த பிறகுதான் தான் போவான். அவன் மனைவி பாண்டியம்மாள் பெட்டி ஒட்டும் கொட்டகையில் வேலை பார்த்தாள். அவர்களுக்கு ஒரே மகள், பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள்.

அந்த வருஷம் சீசன் நெருக்கத்தில் மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் எதையும் காய வைக்க முடியவில்லை. வடக்கே போக வேண்டிய ஆர்டர் தேங்கியது. லாரி வந்து வாசலில் நின்றது. நான்காம் நாள் வெயில் வந்ததும் வரதராஜன் சார் வந்தார். கண்ணாடியைத் துடைத்தார்.

"நாளைக்கு லோடு ஏறிருமா சம்முகம்?"

ஏறாது சார் என்றேன். உங்க இஷ்டம் என்றார். மூன்றாவது முறை அவர் வந்து நின்றபோது நான் ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு மூன்றாம் அறைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

செல்லையா வாசலுக்கு வந்தான். நான் கூட்டி வந்தவனைப் பார்த்தான். இவன் ஐந்தாவது ஆள் என்றான். ஒரு நாளைக்குத்தான், அனுசரித்துப் போ என்றேன்.

"இவன் உள்ள வந்தா நாங்க நாலு பேரும் வெளியே வந்துருவோம்ணே."

"மேனேஜர் பாத்துட்டு நிக்காரு. என் மானத்தை வாங்காதலே."

"போர்டு எழுதினது நீங்கதானண்ணே" என்றான். பிறகு உள்ளே திரும்பி மற்ற மூவரையும் கூப்பிட்டான். கையிலிருந்த மருந்தை வைத்துவிட்டு நான்கு பேரும் வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள்.

கூட்டி வந்தவனைத் திருப்பி அனுப்பிவிட்டேன். அன்று வேலை நடந்தது. சாயங்காலம் வரதராஜன் சார், அந்த அறைக்குக் கொஞ்சம் சூழ்நிலைக்குத் தக்கபடி நடந்துகொள்ளும் ஆள் யாராவது இருந்தால் நல்லதோ என்று என்னிடம் கேட்டார். மறுநாள் காலை செல்லையாவை பேக்கிங் கொட்டகைக்கு மாற்றினேன். மாடசாமியை மூன்றாம் அறைக்குப் பொறுப்பாகப் போட்டேன். மாடசாமி நல்லவன். முடியாது என்று சொல்லத் தெரியாதவன். அதற்காகத்தான் அவனைப் போட்டேன். இதை நான் வேறு எப்படியும் எழுத முடியாது.

செல்லையா போகும் முன் மாடசாமியிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். பலகையைக் காட்டிப் பேசினான். மாடசாமி தலையாட்டினான்.

இரண்டு நாள் கழித்தும் லோடு பாதிதான் ஏறியிருந்தது. செல்லையா லாரியில் பெட்டி ஏற்றப் போயிருந்த நேரம், பெட்டிக் கொட்டகைக்குப் போனேன். கை சுறுசுறுப்பான இரண்டு பேர் வேண்டும் என்று மேஸ்திரி அம்மாளிடம் கேட்டேன். முனியம்மாளையும் பாண்டியம்மாளையும் அனுப்பினாள். பாண்டியம்மாள் வழியில், எங்கேண்ணே போறோம் என்று கேட்டாள். மூன்றாம் அறை, மத்தியானம் வரைக்கும்தான் என்றேன். சரிண்ணே என்றாள். கொலுசைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள். வாசலில் செம்புத் தகட்டை இரண்டு பேரும் தொட்டார்கள். மாடசாமி ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தான், பலகையைப் பார்த்தான். பிறகு நகர்ந்து உட்கார்ந்து அவர்களுக்கு இடம் விட்டான்.

வருகைப் பதிவேட்டில் மூன்றாம் அறைக்கு நேரே நான்கு பெயர்கள்தான் இருந்தன. பெண்கள் இருவரும் பெட்டிக் கொட்டகையில் இருப்பதாக இருந்தது.

பதினோரு மணி இருக்கும். நான் கிடங்குப் பக்கம் இருந்தேன். முதலில் தரை உதைத்தது, பிறகுதான் சத்தம் கேட்டது. திரும்பியபோது மூன்றாம் அறை இருந்த இடத்தில் அறை இல்லை. கல்லும் தகரமும் வானத்திலிருந்து விழுந்துகொண்டிருந்தன. வெளியே காயப் போட்டிருந்தவை ஒவ்வொன்றாகத் தீப்பிடித்தன. மற்ற எல்லோரும் கம்பெனி வாசலைப் பார்த்து ஓடினோம். நானும் ஓடினேன். போர்மேன் நிற்க வேண்டிய இடம் எது என்று பரீட்சையில் எழுதியிருக்கிறேன். அன்று அது நினைவுக்கு வரவில்லை.

வாசலுக்கு வெளியே வந்த பிறகுதான் ஆபத்து. வந்தவர்கள் தங்கள் ஆளைக் காணோம் என்று திரும்ப உள்ளே ஓடப் பார்ப்பார்கள். இந்தப் பக்கத்தில் முதல் வெடிக்குத் தப்பி, தேடப் போய் இரண்டாம் வெடிக்குச் செத்தவர்கள் உண்டு. செல்லையா வாசலின் குறுக்கே நின்றான். கையை விரித்து வைத்திருந்தான். சத்தமாகப் பேசி நான் கேட்டது அன்றுதான்.

"ஒருத்தரும் உள்ள போகக் கூடாது. அவுகவுக செட்டோட உக்காருங்க. நான் எண்ணுறேன்."

அவன் குரலில் என்ன இருந்ததோ, உட்கார்ந்தார்கள். திரி வெட்டுகிறவர்கள் ஒரு வரிசை. பேக்கிங் ஒரு வரிசை. ஒன்றாம் அறை, இரண்டாம் அறை, நான்காம் அறை. ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினான். எல்லாம் சரியாக இருந்தது. பெட்டிக் கொட்டகை வரிசைக்கு வந்தான். எண்ணினான். இரண்டு குறைந்தது. மறுபடியும் எண்ணினான். வரிசையில் யார் இல்லை என்பது அவனுக்கு முதல் பார்வையிலேயே தெரிந்திருக்கும்.

"எங்க?" என்று மேஸ்திரி அம்மாளைக் கேட்டான்.

"போர்மேன் கூட்டிட்டுப் போனாரு, மூணாம் ரூமுக்கு" என்றாள் அவள்.

நான் பத்தடி தள்ளி நின்றிருந்தேன். செல்லையா என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனியவில்லை. அவன் உள்ளே ஓடுவான் என்று நினைத்தேன். இன்னும் ஒரு வரிசை பாக்கி இருந்தது. சாயம் கலக்குகிறவர்கள், பதினோரு பேர். அவன் அந்த வரிசைக்குப் போனான். ஒவ்வொருவர் தலையிலும் கை வைத்து எண்ணி முடித்தான். எண்ணிக்கை தவறவில்லை. தீயணைப்பு வண்டி வந்தபோது அவர்களிடம் போய், மூன்றாம் அறையில் ஆறு பேர், மற்ற அறைகளில் யாரும் இல்லை, அங்கெல்லாம் ஆளை அனுப்ப வேண்டாம் என்று சொன்னான். வந்தவர்கள் அதன்படியே செய்தார்கள். நான்காம் அறை அதற்குப் பிறகு வெடித்தது. அதற்குள் ஒருவரும் இல்லை.

அதன் பிறகுதான் அவன் தரையில் உட்கார்ந்தான்.

ஆறு பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. வெளியே எடுத்து வந்ததைப் பற்றி எழுதமாட்டேன். பாண்டியம்மாளை முந்தானை முடிச்சில் இருந்த கொலுசை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள்.

மத்தியானம் வரதராஜன் சார் என்னைத் தனியே அழைத்துப் போனார். அவர் முகமும் வெளுத்துத்தான் இருந்தது. கண்ணாடியைத் துடைத்தார். பதிவேட்டில் நான்கு பேர்தானே இருக்கிறது என்று கேட்டார். அந்த இரண்டு பெண்களும் பேச்சுத் துணைக்கு அவர்களாகவே அங்கே போயிருக்கலாம் இல்லையா என்று கேட்டார். வெயிலில் போலீஸ்காரர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த இடம் வரை என்னோடு நடந்து வந்தார். உங்க இஷ்டம்தான், நான் எதுவும் சொல்லலை என்றார்.

இன்ஸ்பெக்டர் என்னைக் கேட்டார். அந்த அறையில் வேலைக்கு எத்தனை பேர்? சுற்றிலும் தொழிலாளர்கள் நின்றார்கள். செல்லையா நின்றான். அவன் மகளை யாரோ பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வந்திருந்தார்கள், சீருடையோடு அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நான்கு பேர் என்றேன். மற்ற இரண்டு பெண்களும் அவர்களாகப் போயிருக்க வேண்டும் என்றேன். என் வாயிலிருந்துதான் வந்தது. யார் மேலும் பழி போட முடியாது.

 இன்ஸ்பெக்டர் எழுதத் தொடங்கினார். செல்லையா மகளின் கையைச் சட்டையிலிருந்து மெல்ல எடுத்துவிட்டு இரண்டு அடி முன்னால் வந்தான். அடிக்கப் போகிறான் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"அண்ணே, அவ இங்கன பன்னெண்டு வருசமா வேலை பாக்கா. ஒரு நாளாச்சும் இருந்த எடத்தை விட்டுச் சொல்லாம எந்திரிச்சுப் போயிருக்காளா?"

நான் இன்ஸ்பெக்டரின் பேனாவைப் பார்த்தேன்.

"நான் சொன்னா அவரு எழுதிக்கிருவாரு. நான் சொல்ல மாட்டேன். நீங்க சொல்லுங்க. நீங்கதான கூட்டிட்டுப் போனீக."

அவன் நின்றான். அவசரப்படுத்தவில்லை.  வரதராஜன் சார் எனக்கு வலப்பக்கம் இருந்தார், அந்தப் பக்கம் நான் திரும்பவில்லை. ஆறு பேர் என்றேன். பெயர்களைச் சொன்னேன். மாடசாமியில் தொடங்கி ஒவ்வொன்றாகச் சொல்லி வந்து, பாண்டியம்மாள் என்று சொன்னபோது அவன் தலையை ஒரு முறை அசைத்தான். பிறகு மகளைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான்.

அன்றே என்னைக் கைது செய்தார்கள். வரதராஜன் சாரையும் செய்தார்கள். ஜாமீனில் வந்தோம். போர்மேன் சான்றிதழ் போயிற்று. வழக்கு வருஷக்கணக்கில் விருதுநகரில் நடந்தது. அதன் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கூடுதல் ஆளை அறைக்குள் விட்டவன் என்று எனக்குத் தண்டனை. விடச் சொன்னார் என்பதற்குச் சாட்சி இல்லாததால் வரதராஜன் சார் விடுதலை. நான் அப்பீல் போகவில்லை. தண்டனையை முடித்து வெளியே வந்த பிறகு ஒரு அச்சகத்தில் காலண்டர் தாள் அடுக்கும் வேலை கிடைத்தது. நான் ஓய்வு பெற்றது அங்கிருந்துதான்.

கம்பெனி வேறு பெயரில் மறுபடியும் திறந்தது. செல்லையா அங்கேயே வேலைக்குப் போனான். வேறு எங்கே போவான்? மகள் படித்துக்கொண்டிருந்தாள். அணி மட்டும் கலைந்துவிட்டது. அவனைக் கேப்டனாக இருக்கச் சொல்லி மிச்சம் இருந்தவர்கள் போய்க் கேட்டதாகவும், பதினோரு பேர் சேரட்டும் பார்க்கலாம் என்று அவன் சொன்னதாகவும் கேள்விப்பட்டேன். சேரவில்லை.

அவன் சாட்சி சொன்ன நாளைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன்.

கூண்டில் ஏறி, கேட்டதற்கெல்லாம் சுருக்கமாகப் பதில் சொன்னான். உங்கள் மனைவி அவராகத்தானே அந்த அறைக்குப் போனார் என்று வரதராஜன் சாரின் வக்கீல் கேட்டார். இல்லை, போர்மேன் கூட்டிப் போனார் என்றான். கூட்டிப் போகும்படி மேனேஜர் சொன்னதை நீங்கள் காதால் கேட்டீர்களா என்று அடுத்த கேள்வி. நான் குற்றவாளிக் கூண்டிலிருந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்டேன் என்று ஒரு வார்த்தை போதும். அவர் விருப்பம் இல்லாமல் அங்கே ஒரு துரும்பும் அசையாது என்பது கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும்.

"கேக்கல" என்றான்.

கோர்ட் முடிந்து பேருந்து நிலையத்துக்கு வந்தேன். சிவகாசி வண்டி புறப்படத் தயாராக நின்றது. ஏறி உட்கார்ந்தேன். கடைசியாகச் செல்லையா ஏறினான். வண்டி நிறைந்திருந்தது, என் பக்கத்தில் மட்டும் ஓர் இடம் காலி. நான் ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்தேன். அவன் பார்த்தான். கம்பியைப் பிடித்துக்கொண்டு என் இருக்கைக்குப் பக்கத்திலேயே நின்றான். உட்காரவில்லை.

ஊர் எல்லை தாண்டிய பிறகு என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை.

"கேட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவரும் தப்பியிருக்க மாட்டாரு, செல்லையா."

"நான் கேக்கலையேண்ணே" என்றான், வெளியே பார்த்தபடி.

 ஆமத்தூரில் கைக்குழந்தையோடு ஒரு பெண் ஏறினாள். அவளை என் பக்கத்துக் காலி இடத்தில் உட்காரச் சொல்லி வழிவிட்டான். திருத்தங்கல் வந்தது. நிறையப் பேர் இறங்கினார்கள். எங்கள் வரிசைக்கு முன்னும் பின்னும் இடம் காலியாகியும் அவன் நின்றுகொண்டே வந்தான்.

சிவகாசியில் எனக்கு முன்னால் இறங்கினான். நான் படியில் கால் வைத்தபோது கீழே ஒரு நொடி நின்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"படி உசரமா இருக்கு. பாத்து எறங்குங்கண்ணே" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் போய்விட்டான்.